மறுமொழி: எஸ்.பி.எஃப். – "சூரிய பாதுகாப்புக் காரணி" சரிதானா?

குழுவினருக்கு வணக்கம். வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் கிரீமின் ட்யூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். (சன் புரொடெக்‌ஷன் ஃபாக்டர்) என்ற எண்ணுக்கு நம் அகராதியில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> "சூரிய பாதுகாப்புக் காரணி" பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்குகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

புழங்குகிறதுதான். ஆனால் படிக்கும்போதெல்லாம், சூரியனுக்கு எதற்குப் பாதுகாப்பு என்று கேட்கத் தோன்றுகிறது. "காரணி"யும் இடறுகிறது. பள்ளிக் கணக்கில் 12இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. அது வகுக்கிற எண். இங்கே நமக்கு வேண்டியது மடங்கு.

அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்தால் பெயரும் தானாக வந்துவிடும். குறைந்தது 10 பேரின் முதுகில், செயற்கை விளக்கால் புற ஊதாக்கதிரைச் சிறு சிறு கட்டங்களாகப் பாய்ச்சுகிறார்கள். மறுநாள், தோல் சிவக்க ஆரம்பித்த மிகக் குறைந்த அளவு எது என்று குறித்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் கிரீம் பூசிய இடத்திலும் இதே சோதனை. பூசிய இடம் சிவக்க 30 மடங்கு கதிர் தேவைப்பட்டால் எண் 30. அவ்வளவுதான். இது கதிரின் அளவில் மடங்கு, நேரத்தில் அல்ல. "30 போட்டால் ஐந்து மணி நேரம் கவலையில்லை" என்கிற கணக்கெல்லாம் இதிலிருந்து வராது.

> "மடங்கு" என்றால் விளம்பரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 50 என்பது 30ஐவிட ஏறக்குறைய இரண்டு பங்கு நல்லது என்று விற்பார்கள்.

நியாயமான பயம். 30இல் நூற்றுக்கு 3.3 பங்கு கதிர் கசிகிறது, 50இல் 2 பங்கு. தடுப்பதைப் பார்த்தாலோ 96.7க்கும் 98க்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டுமே ஒரே உண்மைதான், எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதுதான் வேறு. ஆனால் இந்த எண்ணைக் கவிழ்ப்பது விளம்பரத்தைவிட நம் கைதான். சோதனை அளவில் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். தினம் ஒரு முறை பூசினாலே 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதம் தாண்டக்கூடாது. என் தங்கை வீட்டு ட்யூப் சித்திரையில் வாங்கியது, ஐப்பசியிலும் பிதுக்கிக்கொண்டிருந்தாள். அதன்மேல் 50 என்று இருந்தால் என்ன, 100 என்று இருந்தால் என்ன?

> அளப்பது சிவப்பைத்தான் என்றால் "சிவப்புக் காப்பு மடங்கு" என்றே சொல்லிவிடலாம்.

ஐயையோ, வேண்டாம்! தர்க்கம் சரி, தமிழ் நம்மைக் காலை வாரிவிடும். நம் ஊரில் தோலுக்கு "சிவப்பு" என்றால் வெளுப்பு. பெண் பார்க்கப் போய்வந்தவர்கள் "பொண்ணு நல்ல சிவப்பு" என்றால், வெயிலில் வெந்து வந்தாள் என்றா அர்த்தம்? "சிவப்பழகு கிரீம்" விற்ற ஊர் இது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரிலிருந்தே "ஃபேர்" போய் "குளோ" வந்தது. போன சரக்கை நாம் கலைச்சொல்லாகத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். "சிவப்புக் காப்பு 50" என்று ட்யூபில் போட்டால், சிவந்த நிறத்தைக் காக்கும் என்றுதான் வாங்குவார்கள்.

என் முன்மொழிவு: கன்றல் காப்பு மடங்கு. "வெயிலில் முகம் கன்றிப்போச்சு" என்று பாட்டிமார் சொல்வதுதான். சன்பர்னுக்கும் "வெயிற்கன்றல்" கிடைத்துவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நானே சொல்லிவிடுகிறேன். "கன்றுதல்" சிவப்பதையும் சொல்லும், கறுப்பதையும் சொல்லும். எஸ்.பி.எஃப். சோதனையோ சிவத்தலை மட்டுமே, அதுவும் எளிதில் சிவந்துபோகும் வெளிர்தோல்காரர்களிடம், அளக்கிறது. நம்மில் பலருக்கு வெயில் என்றால் கறுத்துப்போவதுதானே கவலை? அதைச் சொல்வது அதே ட்யூபில் பக்கத்திலேயே இருக்கும் "பி.ஏ.+++". 1996இல் ஜப்பானில் வந்த முறை. யுவிஏ என்ற வகைப் புற ஊதாக்கதிரால் தோல் கறுத்து நிலைப்பதை அளந்து, 2 முதல் 4 மடங்கு வரை தாங்கினால் ஒரு கூட்டல், 4 முதல் 8 வரை இரண்டு, 8 முதல் 16 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவதும் பெரும்பாலும் இந்தக் கதிர்தான். ஆகவே இதையும் கூடவே பெயரிட்டால்தான் முன்னதன் எல்லை தெரியும். இதற்கு கறுத்தல் காப்புத் தரம் என்கிறேன். இரண்டும் ஜோடியாக அகராதியில் ஏறட்டும்.

அப்புறம், சன்ஸ்கிரீனுக்கு "வெயில்தடுப்பான்" என்று முந்தைய மடலில் வந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011இல் "சன்பிளாக்" என்ற சொல்லை லேபிளில் போடக்கூடாது என்றது, மிகைப்படுத்துகிறது என்பதால். அவர்கள் கழற்றியதை நாம் மாட்ட வேண்டாம். "வெயில்காப்புக் களிம்பு" போதும். களிம்பு என்றால் புண்ணுக்குப் போடுகிற வாடை அடிக்கிறது என்பவர்கள் "வெயில்காப்புப் பூச்சு" என்று எழுதிக்கொள்ளலாம், எனக்கு இரண்டும் சம்மதமே.