நீளம் சமமில்லாத அரேக்களை, அதாவது எண் வரிசைகளை, சமமாக்கியபோது நடந்தவை: உங்கள் அனுபவம் என்ன?

குந்தாக்காரன் எழுதியது:

நீலகிரியின் குந்தா வட்டாரத்து மழைமானிகளின் தினசரி அளவுகள். ஒரு மானிக்கு ஒரு லிஸ்ட். சில லிஸ்ட் மாதம் முழுக்க ஓடும், சில பாதியில் நின்றுவிடும். எங்களுக்கு வந்து சேர்ந்த ஸ்கிரிப்டில் எல்லாவற்றையும் நீளமான லிஸ்டின் அளவுக்குப் பூஜ்ஜியம் போட்டு நிரப்பி, ஒரே மேட்ரிக்ஸாக ஆக்கியிருந்தார்கள். இந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் எழுதுவது ஒரு பெரியவருக்காக. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த வாரத்து வரைபடத்தை ஊர்க் கூட்டத்தில் திரையில் போட்டோம். அவர் எழுந்து கிட்டே வந்து, தன் ஊர்க் கோட்டின் மேல் விரலை வைத்தார். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. "அன்னிக்கு எங்க ஊர்ல சொட்டு மழை இல்லைன்னு போட்டிருக்கே தம்பி. அப்புறம் என் தோட்டத்தை எது அடிச்சுக்கிட்டுப் போச்சு?"

அந்த மானி மழையில்தான் செத்தது. அதாவது, எங்கே அதிகமாகப் பெய்ததோ அங்கேதான் லிஸ்ட் குட்டையாகும், அங்கேதான் பூஜ்ஜியம் வந்து உட்காரும். சராசரி சும்மா குறையவில்லை, குறையவே கூடாத இடத்தில் குறைந்தது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வட்டக்கானல் எழுதியது:

குந்தாக்காரரே, கோபம் நியாயம். ஆனால் பூஜ்ஜியத்தின் மேல் பழி போடாதீர்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய படத் தட்டுகளிலிருந்து கரும்புள்ளிப் பரப்பு எடுக்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். ஒரு நாள் சூரியன் மேல் இரண்டு கரும்புள்ளிக் கூட்டம் இருக்கும், இன்னொரு நாள் பத்து. நாளுக்கு ஒரு லிஸ்ட், நீளம் இஷ்டத்துக்கு. அங்கே பூஜ்ஜியம் நிரப்பினால் மொத்தப் பரப்பு அணுவளவும் மாறாது. கூட்டலுக்குப் பூஜ்ஜியம் சரியான நிரப்பி, பெருக்கலுக்கு 1. எந்தக் கணக்கு போடப் போகிறோம் என்பதை வைத்துத்தான் நிரப்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதே அரேயில் ஒரு மாணவி 'அன்றைய மிகச் சிறிய கூட்டம் எது' என்று கேட்டாள். கிட்டத்தட்ட எல்லா நாளுக்கும் 0 வந்தது. அவள் திரையைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி இருந்திருக்கா சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

இன்னொன்று. மேகம் மூடிய நாளும் கரும்புள்ளியே இல்லாத நாளும் ஒன்றல்ல. இரண்டுமே காலி லிஸ்ட். நிரப்பிய பிறகு இரண்டுமே பூஜ்ஜிய வரிசை. உங்கள் மானி விஷயமும் இதுதான்: 'இல்லை' வேறு, 'பார்க்கவில்லை' வேறு.

லாங்வுட் சோலை எழுதியது:

என்னுடையது ஒலி. நீலகிரிச் சிரிப்பான், பழனி மலைச் சிரிப்பான் என்ற இரண்டு பறவைகளையும் குரல் வைத்துப் பிரிக்கும் கணினி மாடல். நெருங்கிய இனங்கள், ஒன்று இருக்கும் மலையில் மற்றது இருக்காது. இங்கே நீலகிரியில் எடுத்த கிளிப்கள் நீளம். பழனிப் பக்கத்திலிருந்து வந்தவை குட்டி குட்டி, அதனால் வாலில் பூஜ்ஜியம் ஒட்டிச் சம நீளமாக்கி வைத்திருந்தார்கள். துல்லியம் பிரமாதமாக வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒரு சாயந்திரம், சும்மா பார்ப்போமே என்று, முழுக்கப் பூஜ்ஜியமான ஒரு கிளிப்பைக் கொடுத்தேன். ஒரு சத்தமும் கிடையாது. மாடல் சொன்னது: பழனி மலைச் சிரிப்பான், அதுவும் முழு நம்பிக்கையோடு.

சோலையில் அமைதி என்றாலும் காற்று இருக்கும், பூச்சி இருக்கும். எண்ணில் அது ஒருபோதும் சுத்தப் பூஜ்ஜியம் ஆகாது. ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் நிரப்பல் தொடங்கும் இடம் கத்தியால் வெட்டியது போல நிற்கும். மாடல் பறவையைக் கேட்கவே இல்லை, அந்த வெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

குன்னூர் இலை எழுதியது:

எங்களுடையது பச்சைத் தேயிலைக் கணக்கு. சிறு விவசாயிகள் எல்லோரும் ஒரே நாளில் இலை போடுவதில்லை, எடை லிஸ்ட் ஆளுக்கு ஒரு நீளம். முன்பு இருந்தவர் நம்பை என்ற பைத்தான் கணக்கு நூலகத்தின் ரீசைஸ் ஃபங்ஷனால் சமமாக்கியிருந்தார். ஒரு அக்கா ரசீதோடு வந்து, "நான் ஊரிலேயே இல்லாத நாளுக்கு எடை போட்டிருக்கீங்களே" என்றார். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். நம்பையில் ரீசைஸ் இரண்டு உண்டு. ஃபங்ஷனாகக் கூப்பிட்டால் பழைய எண்களையே திரும்பத் திரும்ப எழுதி இடத்தை நிரப்பும். அரேயின் மெத்தடாகக் கூப்பிட்டால் பூஜ்ஜியத்தால் நிரப்பும். பெயர் ஒன்று, வேலை வேறு.

லிஸ்ட்களை ஜோடி சேர்க்கும் பைத்தானின் ஸிப், குட்டையான லிஸ்டோடு சத்தமில்லாமல் நின்றுவிடும், மிச்சம் காணாமல் போகும். பைத்தான் 3.10 பதிப்பு முதல் 'ஸ்ட்ரிக்ட்' என்று கொடுத்தால் நீளம் ஒத்துவராதபோது பிழை சொல்லும். நிரப்பத்தான் வேண்டுமென்றால் இட்டர்டூல்ஸில் ஸிப்_லாங்கஸ்ட் இருக்கிறது, நிரப்பும் மதிப்பை நீங்களே தரலாம்.

சமமில்லாத லிஸ்ட்களை அப்படியே நம்பை அரேயாக்கினால் முன்பெல்லாம் எண்களுக்குப் பதில் லிஸ்ட்களையே அடுக்கிய 'ஆப்ஜெக்ட் அரே' ஒன்றை வாய் பேசாமல் கொடுத்துவிடும். நம்பை 1.19 பதிப்பு எச்சரித்தது, 2022 டிசம்பரில் வந்த 1.24 முதல் நேரடியாகப் பிழைதான். அதைத் தொல்லை என்று திட்டுகிறார்கள், எனக்கு அது பெரிய உபகாரம்.

குந்தாக்காரர் பூஜ்ஜியத்துக்குப் பதில் 'நேன்', அதாவது 'மதிப்பு இல்லை' என்ற குறி, போட்டிருக்கலாம். ஆனால் நேன் ஃப்ளோட் என்ற தசம எண் அரேயில்தான் நிற்கும், முழு எண் அரேயில் நிற்காது. எதைச் செய்தாலும், நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு லிஸ்டின் நிஜ நீளத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். அது போய்விட்டால் எது அளந்தது, எது ஒட்டியது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. லாங்வுட் சோலைக்கும் அதுவே பதில்: எது நிஜம், எது நிரப்பியது என்று மாடலுக்குச் சொல்லும் மாஸ்க் கொடுத்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது.

குந்தாக்காரன் எழுதியது:

நேன் போட்டுப் பார்த்தோம். பெய்த நாளின் அளவு தெரியாதது தெரியாததாகவே நின்றது, அது சரி. ஆனால் நேனைத் தாண்டிச் சராசரி எடுத்தால் மிச்சமிருந்த மானிகளின் சராசரிதான் கிடைக்கிறது. அவை எல்லாம் மழை குறைந்த பக்கத்து மானிகள். செத்த மானியின் குறை அப்படியே இருக்கிறது.

லாங்வுட் சோலை எழுதியது:

குன்னூர் இலை, எந்த இடத்தைக் கவனிப்பது என்று எடை போடும் 'அட்டென்ஷன்' வகை மாடலுக்கு மாஸ்க் சரி. எங்களுடையது கன்வல்யூஷன், ஃபில்டர் என்ற சின்னச் சட்டத்தைப் பதிவின் மேல் நகர்த்திக்கொண்டே போகும் வகை. ஃபில்டர் எல்லையைத் தாண்டி இரண்டு பக்கமும் பார்க்கும். மாடலின் முதல் அடுக்கான முதல் லேயரிலேயே அந்த வெட்டு பக்கத்து எண்களில் கலந்துவிடும், கடைசியில் மாஸ்க் போட்டுப் பயனில்லை. ஒவ்வொரு லேயரிலும் போட வேண்டும், கடைசியில் சராசரி எடுக்கும்போது நிஜ நீளத்தால் வகுக்க வேண்டும். நாங்கள் அந்த வழிக்கே போகவில்லை. அதே காட்டில் பறவை கூப்பிடாதபோது பதிவான சத்தத்தை எடுத்து நிரப்பினோம். கிளிப்பை எப்போதும் முன்னால் வைக்காமல் நடுவில், கடைசியில் என்று மாற்றி மாற்றி வைத்தோம். இரண்டு இனத்துக்கும் ஒரே மாதிரி. துல்லியம் நன்றாகவே இறங்கியது. இறங்கிய எண்ணைத்தான் இப்போது வெளியில் சொல்கிறோம். பழனிப் பக்கம் யாரிடமாவது நீளமான பதிவு இருந்தால் தாருங்கள், நிரப்பாமலே பயிற்சி கொடுத்துப் பார்க்க வேண்டும்.

வட்டக்கானல் எழுதியது:

பாம்பார் சோலைப் பக்கம் பதிவு செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன். அவர் கிளிப்பை வெட்டாமல் வைத்திருப்பவர்.