மார்கழிப் பரங்கிப்பூவும் பொங்கல் கூட்டும்

எங்கள் வீட்டுப் பொங்கல் கூட்டில் அவரை, மொச்சை, கத்தரி, சர்க்கரைவள்ளி எல்லாம் விழும். ஆனால் அதற்கு நிறமும் இனிப்பும் தருவது பரங்கிக்காய்தான். அந்தக் காய் கொல்லையில் எப்படிப் பிடிக்கிறது என்று கிட்டத்தில் இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

மார்கழியில் கோலத்துச் சாண உருண்டையில் வைக்க விடிகாலையில் பரங்கிப்பூ பறிப்பது என் வேலை. அப்பாயி அதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். "நீளக் காம்பு இருக்குற பூவா பாத்துப் பறி கண்ணு. பிஞ்சு ஒட்டியிருக்குறதத் தொடாத." நீளக் காம்புப் பூ ஆண்பூ. பெண்பூவின் அடியில் கோலிகுண்டு அளவில் பிஞ்சு முன்பே இருக்கும். கொடியில் ஆண்பூ நிறைய, பெண்பூ கொஞ்சம்தான். அப்படியும் ஆண்பூ எல்லாவற்றையும் பறிக்க அவர் விடமாட்டார். "அத்தனையும் பறிச்சுட்டா ஈ எதுக்கு வரும்?" என்பார்.

அந்த ஈயின் வேலையைப் பார்க்க வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். பூ விடியலுக்கு முன்பே விரிந்துவிடும், பத்து மணி வாக்கில் சுருங்கிவிடும். தேனீ ஆண்பூவுக்குள் இறங்கித் தேன் குடித்துவிட்டு வெளியே வரும்போது முதுகு, கால் எல்லாம் மஞ்சள் பொடி அப்பியிருக்கும். பரங்கி மகரந்தம் பெரியது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது, யாராவது சுமந்துதான் ஆக வேண்டும். பெண்பூ திறந்திருப்பது அந்த ஒரு காலைதான். அதற்குள் போதுமான மகரந்தம் வந்து சேராவிட்டால் பிஞ்சு சில நாளில் மஞ்சளாகி அழுகி விழுந்துவிடும்.

ஒரு வருடம் அப்படித்தான் விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்து வயலில் காலை நேரத்தில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், கொல்லையில் தேனீயே கண்ணில் படவில்லை. அப்பா ஓர் ஆண்பூவின் இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் ஒற்றி எடுத்தார். அப்படித் தொட்டுவிட்டதெல்லாம் காயாக நின்றது, தொடாதது உதிர்ந்தது. அப்புறம் அவர் போய்ப் பேசியதில், பக்கத்து வயல்காரர் சாயங்காலத்துக்கு மேல் மருந்தடிக்க ஒத்துக்கொண்டார். கையால் தொட்டுக் காய்க்கவைக்கலாம்தான். ஆனால் ஒரு கொடிக்கே விடியலில் எழுந்து அலைய வேண்டியிருந்தது. ஏக்கர் கணக்கில் போட்டவர் என்ன செய்வார்?

கத்தரியில் நடப்பது வேறு. அதன் மகரந்தம் மஞ்சள் குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும், நுனியில் பொடித் துளைதான் வழி. கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து, 'உர்ர்ர்' என்று உடம்பை அதிரவைக்கும். உப்பு டப்பாவைக் குலுக்கியது போலப் பொடி கொட்டும். அந்தச் சத்தம் நாலடி தள்ளி நின்றாலும் கேட்கும். தேனீக்கு இந்த வித்தை வராது. கத்தரி தானாகவும் காய்க்கும் என்பது உண்மை, ஆனால் வண்டு வந்துபோகும் செடியில் காய்ப்பு கூடும்.

சர்க்கரைப் பொங்கலில் அரிசிக்கும் பாசிப்பருப்புக்கும் பூச்சி தேவையில்லை, தம் பூவுக்குள்ளேயே சூல் பிடித்துக்கொள்ளும். கரும்பு கரணையில் முளைக்கிறது, மஞ்சள் கிழங்கில். ஆனால் மணம் தரும் ஏலக்காய்க்குத் தேனீ வந்தே தீர வேண்டும். இடுக்கி ஏலத்தோட்டங்களில் அந்தப் பூவைப் பார்த்திருக்கிறேன். தூரிலிருந்து கிளம்பும் சரத்தில், தரையை ஒட்டி, வெள்ளை இதழில் ஊதாக் கோடுகளோடு இருக்கும். ஒரு நாள்தான் அதன் ஆயுசு. அடுக்குத்தேனீயும் மலைத்தேனீயும்தான் அங்கே பெரும்பாடு படுகின்றன. நெய்யில் வறுத்துப் போடும் முந்திரிக்கும் பூச்சிகளின் உதவி வேண்டும். ஆக, பானையில் பொங்குகிற அரிசியைத் தேனீ தொடுவதில்லை, அதை வாய்க்கு ருசியாக்குகிற சாமான்களில்தான் அதன் பங்கு இருக்கிறது.

கொல்லையில் காய்ந்துபோன முருங்கையை இப்போது நாங்கள் வெட்டுவதில்லை. கருவண்டு துளை போட்டுக் குடியிருப்பது அந்த மாதிரிக் கட்டையில்தான். புடலைப்பூவை மட்டும் நான் இன்னும் சரியாகக் கவனித்ததில்லை. அது பொழுது சாய்ந்த பிறகு விரிவது, அந்துப்பூச்சி தேடி வருவது. ராத்திரியில் டார்ச்சோடு நின்று பார்த்தவர்கள் இருந்தால், எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு பெரிய பூச்சி என்று எழுதுங்கள்.