முறுக்குப் பெட்டிக்கு எந்தக் கூரியர்? எடையா, அளவா?

கணக்குப்பிள்ளை: "அரைக் கிலோ முறுக்குக்கு அரைக் கிலோ கட்டணம்தான், மலிவான கூரியரைப் பிடிங்க"ன்னு ஒரு மேதாவி இங்க எழுதியிருக்கார். தனியார் கூரியர்ல தராசு மட்டும் பேசாது சார். நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுங்க. 25×20×15 பெட்டின்னா 1.5 கிலோ. ரெண்டுல எது கூடவோ அதுக்குத்தான் பில்.

மொறுமொறு: மேதாவி நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். பெட்டியைச் சின்னதாக்கினா தீர்ந்தது. 25×20×10. கச்சிதமா 1 கிலோ.

கணக்குப்பிள்ளை: கச்சிதம் காலிப் பெட்டிக்கு. நிரப்பி டேப் ஒட்டினதும் நடுவுல தொப்பை போடும். ஹப்புல, அதாவது கூரியர் பார்சல் பிரிக்கிற கிடங்குல, மிஷின் தொப்பையோட உச்சியைத்தான் அளக்கும். ஒரே ஒரு செ.மீ. ஏறினா 1.1. அரை அரைக் கிலோவா மேல ஏத்துற கணக்குல அது 1.5 கிலோ பில்.

மொறுமொறு: என் பெட்டி அஞ்சடுக்கு அட்டை. தொப்பை வராது.

கணக்குப்பிள்ளை: அப்படின்னா இன்னும் மோசம்! கடைக்காரர் சொல்ற 25×20×10 பெரும்பாலும் உள்ளளவு. அஞ்சடுக்குச் சுவர் ஒவ்வொண்ணும் சுமார் 5 மி.மீ. மேலயும் கீழயும் மடிப்பு ரெட்டையா வரும். வெளியில 26×21×12. பெருக்கி வகுத்தா 1.31. தொப்பை இல்லாமலே 1.5 கிலோ!

நெசவுவீதி: சேலைக்கு இந்த வம்பே இல்ல. கூரியர் கவர்ல போட்டு, காத்தை அமுக்கி வெளியேத்தி ஒட்டினா முடிஞ்சது.

மொறுமொறு: முறுக்கைக் கவர்ல அனுப்பினா வாங்கினவர் கரண்டியால சாப்பிடணும். சேலைக்காரங்க ஆலோசனைக்கு நன்றி.

நெசவுவீதி: நக்கல் வேண்டாம். சிஓடி, அதான் பார்சல் கைக்கு வந்ததும் காசு குடுக்கிற முறை, அதைப் பத்திப் பேசுங்க. வாங்க மறுத்தா போன கூலி, வந்த கூலி ரெண்டும் நம்ம தலையில. திரும்பி வந்த தின்பண்டத்தை மறுபடி விக்கவும் முடியாது.

கணக்குப்பிள்ளை: அது அப்புறம். தொப்பை முதல்ல. மேல் மடிப்புக்கு அரை செ.மீ. கீழயே நிரப்புறதை நிறுத்துங்க. காகிதக் கசங்கலைப் பக்கத்துல திணிங்க, மேல வேண்டாம்.

மொறுமொறு: மேல இடம் விட்டா மூடி உள்ள அமுங்கும். வேன்ல மேல ஏத்துற பார்சல் பாரம் நேரா முறுக்கு மேல. இது தெரியாம பாடம் எடுக்க வந்துட்டார். அட்டைப்பெட்டி விக்கிறவருக்கு எல்லார் பெட்டியும் தப்பாத்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளை: ஆமா, பெட்டிதான் விக்கிறேன். அதனாலதான் தொப்பை தெரியுது.

பழையதபால்: எல்லாரும் பதிவுத் தபால்ல போட்டா இந்தக் கணக்கே வேண்டாமே?

கணக்குப்பிள்ளை: ஐயா, 2025லயே அதை ஸ்பீடு போஸ்ட்டோட சேர்த்தாச்சு. எழுந்திருங்க.

பழையதபால்: மரியாதையாப் பேசுங்க தம்பி. தனியார் வேன் எட்டிப் பார்க்காத பின்கோடுக்கும் தபால்காரர்தான் போறார்.

கணக்குப்பிள்ளை: போகட்டும். மொறுமொறு, பிக்கப்புக்கு முன்னாடி மூணு பக்கமும் அளவு டேப் வெச்சு, ஏடபிள்யூபி, அதாவது கூரியர் ட்ராக்கிங் நம்பர் லேபிளும் தெரியுற மாதிரி படம் எடுங்க. தராசுல வெச்சு இன்னொண்ணு. கூரியர் கூடுதல் எடைன்னு பில் போட்டா மறுக்க ஒரு கெடு கொடுப்பாங்க, அதுக்குள்ள படத்தோட மறுப்பு போடலேன்னா காசு போச்சு. டேப்பை ஓரத்துல வைக்காதீங்க, தொப்பை மேல வைங்க.

மொறுமொறு: வராத தொப்பைக்கு எங்க வைக்கிறது?

நெசவுவீதி: சிஓடி பத்தி யாராவது?

கணக்குப்பிள்ளை: படத்தைப் போடச் சொல்லுங்க முதல்ல.