கோல்ஃப் போட்டி நடத்தி கல்லூரி உதவித்தொகை: கணக்கு ஒத்து வருமா?

ஆழியாறு_கரை கேட்டது:
பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியோட முன்னாள் மாணவர் டிரஸ்ட். 12ஏபி (டிரஸ்ட் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தர்றவங்களுக்கு வரிக் கழிவு) பதிவு ரெண்டும் இருக்குதுங்க. கோயமுத்தூர் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துல ஒரு நாள் போட்டி வெச்சு, வர்ற பணத்துல வருசம் பத்துப் புதுப் பசங்களுக்கு ஆளுக்கு 15,000 குடுக்கறதா பேச்சு. எந்த மாசம் வைக்கலாம்? ஆடறவங்க கட்டற பணத்துக்கு 80ஜி ரசீது தரலாமா? ஹோல்-இன்-ஒன் (ஒரே அடியில பந்து குழியில விழறது) அடிச்சா கார், மத்தியானம் லக்கி டிரான்னு கமிட்டியில ஒரே ஆசை. வெளிநாட்டுல இருக்கிற பழைய மாணவர்களும் பணம் அனுப்பறேங்கறாங்க.

பச்சைத்திடல்:
ஆனி, ஆடி, ஆவணி ஆகாதுங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல பந்தும் நிக்காது, பேனரும் நிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை. பொங்கல் முடிஞ்சு மாசி கடைசிக்குள்ள வெச்சுருங்க.

ஷாட்கன் ஸ்டார்ட் தான் சரி. 18 குழியிலயும் நாலு நாலு பேரா ஒரே நேரத்துல ஆரம்பிச்சா 72 பேர். காலைல ஏழு மணிக்கு விட்டா பன்னெண்டுக்கு எல்லாரும் ஒண்ணா சாப்பாட்டுக்கு வந்துருவாங்க. ஆள் கூடினா பார்-4, பார்-5 (நாலு, அஞ்சு அடியில முடிக்க வேண்டிய நீளமான) குழியில மட்டும் ரெண்டாவது குழுவை நிறுத்துங்க. பார்-3ல நிறுத்தினா முதல் ஒரு மணி நேரத்துலயே அங்க தேங்கி மொத்த கோர்ஸும் நின்னுபோகும்.

ஃபார்மட் ஸ்க்ராம்பிள். நாலு பேரும் அடிச்சு, அதுல நல்லா விழுந்த பந்து கிடக்கிற இடத்துலருந்து நாலு பேரும் மறுபடி அடிக்கறது. புதுசா ஆடறவங்களும் கூச்சமில்லாம வருவாங்க. ஆனா ஒவ்வொருத்தர் டீ-ஷாட்டையும் (குழிக்கு முதல் அடி) குறைஞ்சது மூணு தடவையாவது எடுத்தே ஆகணும்னு விதி போட்டு, யாரோடதுன்னு குறிக்க ஸ்கோர்கார்டுல ஒரு கட்டமும் அடிச்சுருங்க. இல்லீன்னா ஒரே கெட்டிக்காரர் பந்துல நாலு பேரும் ஓடுவாங்க, பரிசளிப்புல சண்டை வரும்.

காரை டிரஸ்ட் பணத்துல வைக்காதீங்க, இன்சூரன்ஸ் எடுங்க. சாதாரண ஆட்டக்காரருக்கு 12,500 தடவை அடிச்சா ஒண்ணு விழும்னு சொல்றது வழக்கம். 72 பேர் ஒரு குழியில அடிச்சா நூத்துக்கு 0.6 கூட வராது. பிரீமியத்தை விட பாலிசியில இருக்கிற நிபந்தனைதான் முக்கியம்: எந்தக் குழி, எத்தனை கஜம், சாட்சி எத்தனை பேர். காலைல மைதான ஆள் பழக்கதோசத்துல டீ மார்க்கரை (முதல் அடி அடிக்கிற இடத்துக்கான குறி) பத்து கஜம் முன்னால நட்டுட்டா கிளெய்ம் போச்சு. நாடாவோ ரேஞ்ச்ஃபைண்டரோ (தூரம் அளக்கிற கருவி) வெச்சு அளந்து, மார்க்கர் தெரியற மாதிரி போட்டோ எடுத்துக்கங்க.

ஆட்டக்காரர் பணத்துல மிச்சம் பார்க்க முடியாதுங்க. ஆளுக்கு 6,000 வாங்கினா கிரீன் ஃபீ (மைதானக் கட்டணம்), கேடி (பை தூக்கறவர்) கூலி, டி-சர்ட், சாப்பாடுன்னு 4,500 போயிரும்னு வெச்சுக்கங்க. 72 பேருக்கு மிஞ்சறது 1,08,000. குழிக்கு ஒரு ஸ்பான்சர் 25,000ன்னா 18 குழிக்கு 4,50,000. ஆள் சேர்க்கறதுக்கு முன்னாலயே ஸ்பான்சரை முடிச்சுருங்க.

பேரேடு:
அந்த 6,000க்கு 80ஜி ரசீது கூடாது. ஆட்டமும் சாப்பாடும் வாங்கின விலை அது, நன்கொடை இல்லை. தனியா குடுக்கற தொகைக்குத்தான் ரசீது. ரொக்கம்னா 2,000க்கு மேல வரிக் கழிவு கிடையாது. பதிவு ஃபார்ம்லயே பான் எண் வாங்கிருங்க. யார் எவ்வளவு குடுத்தாங்கங்கற அறிக்கையை மே 31க்குள்ள வருமான வரித்துறைக்குப் போடணும், பிந்தினா நாளுக்கு 200 ரூபாய். புது வரி முறையில இருக்கறவங்களுக்கு 80ஜி கழிவே இல்லைங்கறதால, ரசீதைக் காட்டி ஆள் பிடிக்கலாம்னு ரொம்ப நம்பாதீங்க.

ஸ்பான்சர் பேனர் விளம்பரம்தான். கம்பெனியோ பார்ட்னர்ஷிப் ஃபர்மோ தந்தா 18% ஜி.எஸ்.டி.யை ரிவர்ஸ் சார்ஜ்ல அவங்களே கட்டணும், இதை முதல்லயே சொல்லிருங்க. விளம்பரம் இல்லாம பேரை மட்டும் நன்றிப் பலகையில போட்டா அது நன்கொடை, ஜி.எஸ்.டி. வராது.

காசு வாங்கி லக்கி டிரா சீட்டு விக்கறதை மறந்துருங்க. தமிழ்நாட்டுல 2003லருந்து லாட்டரிக்குத் தடை, தர்ம காரியம்னு சொல்லித் தப்பிக்க முடியாது. பரிசுக்குன்னு வந்த பொருளை ஏலம் விடுங்க.

வெளிநாட்டுல இருந்தாலும் இந்தியக் குடியுரிமை இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியா அனுப்பினா வாங்கலாம். பாஸ்போர்ட் மாறி ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளிக்குத் தர்றது) வெச்சிருக்கறவர் பணம் அயல்நாட்டு நன்கொடை, அயல்நாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி இல்லாம தொடக்கூடாது. கூடப் படிச்சவர்தானேன்னு வாங்கிப்போட்டுச் சிக்கிக்காதீங்க.

ஆழியாறு_கரை:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருத்தர் "சி.எஸ்.ஆர்.ல தர்றேன், பேனர் வெச்சுருங்க"ங்கறார். கம்பெனிங்க சட்டப்படி சமூகத்துக்குச் செலவழிக்கற பணத்தைச் சொல்றார்.

பேரேடு:
முதல்ல அது லிமிடெட் கம்பெனியான்னு கேளுங்க. பார்ட்னர்ஷிப்னா சி.எஸ்.ஆர். பேச்சே இல்லை. கம்பெனியா இருந்தாலும் விளம்பரப் பலனுக்காகத் தர்ற ஸ்பான்சர் பணம் சி.எஸ்.ஆர். கணக்குல சேராது. மூலநிதிக்கு (முதலைத் தொடாம வட்டியை மட்டும் செலவழிக்கற நிதி) தர்றதும் 2021 ஜனவரி 22லருந்து சேராது. இன்ன வருசத்துப் பசங்களுக்கு இவ்வளவு கட்டணம்னு நேராச் செலவாகணும். டிரஸ்டுக்கு, சி.எஸ்.ஆர். பணம் வாங்கறதுக்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவும் மூணு வருச அனுபவமும் வேணும்.

உதவித்தொகை_மேசை:
வருசம் பத்துப் புதுப் பசங்கங்கறதுலதான் ஓட்டை இருக்குதுங்க. டிகிரி மூணு வருசம். முதல் வருசம் 1,50,000. மூணாவது வருசம் 30 பேர், 4,50,000. நடுவுல ஒரு வருசம் மழையோ தேர்தலோ வந்து போட்டி நின்னா, ரெண்டாம் வருசப் பையனுக்கு என்ன பதில் சொல்லுவீங்க? வருசத்துக்கு மொத்தமே பத்துப் பேருக்கு மட்டும் வட்டியிலேயே ஓட்டணும்னாக்கூட 6.5% வட்டிக்குச் சுமார் 23 லட்சம் மூலநிதி வேணும். அதுவரைக்கும் நாலு பேர் போதும்: 4 × 3 × 15,000 = 1,80,000. இந்த முழுத்தொகையும் கையில இருந்தாத்தான் அந்த பேட்ச்சை அறிவிக்கணும். டிரஸ்ட் வருமானத்துல 85% அந்தந்த வருசமே செலவாகணுங்கறதால, அடுத்த வருசங்களுக்கான மிச்சத்தை ஒதுக்க ஆடிட்டர்கிட்டச் சொல்லி அதுக்கான படிவம் போடுங்க. மூலநிதிக்குன்னு தர்றவங்ககிட்ட அப்படியே எழுதின கடிதம் ஒண்ணு வாங்கி வெச்சுருங்க.

அரசு ஏற்கெனவே தர்ற செலவுக்கே நீங்களும் தராதீங்க. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுகளுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 வருது. விட்டுப்போறது செமஸ்டர் ஃபீஸ், தேர்வுக் கட்டணம், ஹாஸ்டல் மெஸ் பில். அதுலயும் அரசு உதவித்தொகை கணக்குல ஏற நாளாகும், கல்லூரி ஜூன், ஜூலையிலயே கேட்டுரும். உங்க பணம் அப்பக் கையில இருந்தா பெரிய உதவி.

தாசில்தார் வருமானச் சான்று இ-சேவை மையத்துல வாங்கச் சொல்லுங்க. ஃபீஸை ரோல் நம்பர் போட்டுக் கல்லூரிக் கணக்குக்கே அனுப்புங்க; மெஸ் பணம் பையன் கணக்குக்கு. ஒரு அரியர் விழுந்தா உடனே நிறுத்தாம அடுத்த செமஸ்டர் வரைக்கும் டைம் குடுங்க. அப்புறம் ஒண்ணு, பெரிய அட்டைச் செக்கைக் கையில குடுத்து ஸ்பான்சர் பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுக்க வேண்டாம். அன்னைக்குக் கமிட்டி ஆளுங்க நின்னா போதும்.