மகள் சாப்பிட மறுக்கிறாள், வழி சொல்லுங்கள்
வணக்கம். என் மகளுக்கு 15 வயது. திருமண வீட்டில் ஒரு உறவினர் "என்னடி, இப்படிப் பருத்துவிட்டாய்" என்று கேட்டதிலிருந்து இரவு உணவை விட்டுவிட்டாள். காலையில் அரை இட்லியைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். கைப்பேசி முழுக்க ஒல்லியான பெண்களின் படங்கள். மூன்று மாதமாக மாதவிலக்கும் வரவில்லை.

இப்படிப்பட்ட படங்கள் பிள்ளைகளை எப்படி மாற்றும் என்று ஓர் ஆய்வில் படித்தேன். பசிபிக் கடலில் உள்ள பிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அப்போது எடை குறைக்க வாந்தி எடுப்பதாக ஒரு மாணவிகூடச் சொல்லவில்லை; 1998இல் 11 சதவீதம் பேர் சொன்னார்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

கெஞ்சினால் அழுகிறாள், அதட்டினால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மதுரையில் இதற்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவர் யாரையாவது தெரியுமா? இதே நிலையைக் கடந்த தாய்மார்களே, சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையிடம் என்ன பேசினீர்கள்?