பத்தாம் வகுப்பு வரைபடம்: "இதைப் பயன்படுத்தித் தீர்க்க" என்றதும் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்

கேள்வி: கணக்கு டீச்சர்

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், தமிழ் வழி. பொதுத்தேர்வில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண் கிடைப்பதால் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு முதலில் இந்த இரண்டையும்தான் எழுதிப் பழக்குகிறோம். நேர்க்கோடு ஓரளவு வந்துவிடுகிறது. எக்ஸ்² உள்ள இருபடிச் சமன்பாடு வந்தால்தான் சிக்கல், அட்டவணையில் மைனஸ் 2-இன் வர்க்கத்தை மைனஸ் 4 என்று எழுதுகிறார்கள், அப்புறம் ஸ்கேலை வைத்துப் புள்ளிக்குப் புள்ளி கோடு இழுக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று. ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் − 3 வரைந்து, அதைக் கொண்டு எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0 தீர்க்க வேண்டும் என்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து நேர்க்கோட்டைக் கொண்டுவருவதை மனப்பாடமாகச் செய்கிறார்கள். "எதுக்கு டீச்சர் கழிக்கிறோம்?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் சொன்ன விளக்கம் எனக்கே நிறைவாக இல்லை. நீங்கள் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

பதில்: பரவளையம்

டீச்சர், அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி. நான் கழிப்பதில் தொடங்குவதே இல்லை. தீர்க்க வேண்டிய சமன்பாட்டைப் பலகையில் எழுதி, இதற்குள் நாம் ஏற்கெனவே வரைந்த வளைவரை ஒளிந்திருக்கிறது, வெளியே எடுங்கள் என்பேன். எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0 என்பதை எக்ஸ்² − 2எக்ஸ் − 3 = 3 − எக்ஸ் என்று மாற்றி எழுதலாம், இரண்டு பக்கமும் 3 − எக்ஸ் கூட்டினால் போதும். இடப்பக்கம் நம் வளைவரையின் உயரம், வலப்பக்கம் ஒரு நேர்க்கோட்டின் உயரம். இரண்டும் எங்கே ஒரே உயரத்துக்கு வருகின்றன என்பதுதான் கேள்வி. கோட்டை வரைந்தால் 3, 0 என்ற புள்ளியிலும் மைனஸ் 2, 5 என்ற புள்ளியிலும் வெட்டும், அந்த எக்ஸ் மதிப்புகளான 3, மைனஸ் 2 தாம் தீர்வு. ஒய் மதிப்பையும் தீர்வில் சேர்த்து எழுதும் பிள்ளைகள் உண்டு, அதையும் இந்த இடத்திலேயே பேசிவிடுவது நல்லது.

பதில்: மதுரைக்காரன்

அட்டவணைப் பிழைக்கு ஒரு வழி. நீங்கள் சொன்ன ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் − 3-க்கு, எக்ஸ் மைனஸ் 3 முதல் 5 வரை போகும்போது ஒய் மதிப்புகள் 12, 5, 0, −3, −4, −3, 0, 5, 12. ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு எவ்வளவு மாறுகிறது என்று கீழே எழுதச் சொல்லுங்கள்: −7, −5, −3, −1, 1, 3, 5, 7. இரண்டிரண்டாகக் கூடுகிறது. மைனஸ் 2-இன் வர்க்கத்தை மைனஸ் 4 என்று போட்ட பிள்ளைக்கு 5 வரவேண்டிய இடத்தில் −3 வரும், வரிசை அங்கேயே உடையும், தப்பு எங்கே என்று அவனே கண்டுபிடித்துவிடுவான். நேர்க்கோட்டுக்கு இந்த மாற்றம் எல்லா இடத்திலும் ஒன்றே, அதனால்தான் அது கோடு. மாற்றமே மாறிக்கொண்டு போவதால்தான் இது வளைகிறது, ஸ்கேல் வைக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான் என்று காட்டிவிட்டால் திட்டவே வேண்டியதில்லை.

எக்ஸ்² − எக்ஸ் − 12 போன்றவற்றில் 0-க்கும் 1-க்கும் ஒரே −12 வரும், பிள்ளைகள் அடியில் தட்டையாகக் கோடு போட்டுவிடுவார்கள். நடுவில் 0.5-க்கு −12.25 என்று ஒரு புள்ளி கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். ஒய் அச்சில் 1 செ.மீ = 2 அலகு என்றால் இறக்கம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனாலும் கை வளைந்து போகும்.

பதில்: ட்யூஷன் அக்கா

நேர்க்கோட்டை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள் டீச்சர். நான் 2013-இல் சென்னை ஆட்டோவுக்கு அரசு நிர்ணயித்த கட்டணத்தை வரையச் சொல்வேன்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். முதலில் படுத்த கோடு, அப்புறம் சாய்ந்து ஏறும் கோடு. 6.8 கிலோமீட்டருக்கு 85 ரூபாய் என்று கணக்குப் போட்டும் பார்ப்பார்கள், வரைபடத்திலும் படித்துச் சொல்வார்கள். புள்ளியின் உயரம் என்றால் ஒரு மதிப்பு என்பது மனதில் ஏறிய பிறகுதான் மேலே சொன்ன "ஒரே உயரம்" புரிகிறது. ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் காட்டுவது நல்லதுதான், ஆனால் கையால் நாலைந்து வரைந்த பிறகு காட்டுங்கள்.

கணக்கு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. உயரம் என்று சொல்லித் தரவே எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று, எக்ஸ்² − 4எக்ஸ் + 3 வரைந்து எக்ஸ்² − 6எக்ஸ் + 9 = 0 தீர்க்கும்போது கோடு வளைவரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. பென்சில் தடிமனில் கொஞ்ச தூரம் ஒட்டியே போவதுபோல் தெரிவதால் பலர் இரண்டு புள்ளி குறிக்கிறார்கள்.

பதில்: பரவளையம்

அங்கேதான் கழித்தலுக்கு வேலை வருகிறது. முன்போலவே மாற்றி எழுதினால் கோடு ஒய் = 2எக்ஸ் − 6. வளைவரையின் உயரத்திலிருந்து கோட்டின் உயரத்தைக் கழித்தால் எக்ஸ்² − 6எக்ஸ் + 9, அதாவது எக்ஸ் − 3-இன் வர்க்கம், நாம் தீர்க்க வந்த சமன்பாட்டின் இடப்பக்கமே அதுதான். 2.5-இல் இடைவெளி 0.25, 3.5-இலும் 0.25, 3-இல் மட்டும்தான் பூஜ்யம். பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு அந்த மூன்று இடத்திலும் இடைவெளியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட பெண்ணிடம் முதலில் கொடுங்கள்.