மிஸ் மார்ப்பிள் வரிசை: ஒன்பதாவதில் நின்றுவிட்டேன், தொடரலாமா?

பாளை வாசகி:
ரத்தம் தெறிக்காத கொலைக்கதை படிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போன வருஷம் சாரல் நேரத்தில் தென்காசியில் மைனி வீட்டில் கிடந்த அகதா கிறிஸ்டி ஒன்றை எடுத்தேன், அன்றைக்குப் பிடித்த பைத்தியம். மிஸ் மார்ப்பிள் நாவல்கள் மொத்தம் 12. 1930-இல் வந்த முதல் நாவலிலிருந்து வரிசையாகப் படித்து ஒன்பதாவதுக்கு வந்து, இரண்டு வாரமாக நாற்பதாம் பக்கத்திலேயே கிடக்கிறேன். கொலைகாரன் யார் என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. செயிண்ட் மேரி மீட் கிராமமும், கம்பளி பின்னிக்கொண்டே ஊரை நோட்டம் விடுகிற அந்தக் கிழவியும்தான் வேண்டும். வீரவநல்லூரில் எங்கள் ஆச்சி திண்ணையில் அரிசி புடைத்தபடியே தெருவில் போகிற புது ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவன் அந்த ரைஸ்மில் கணக்கப்பிள்ளை சாடையில்லா இருக்கான், கைசுத்தம் இருக்காது" என்பாள். மார்ப்பிள் துப்புத் துலக்குவதும் அதே வழிதான். ஒன்பதாவதில் அவளைக் கரீபியன் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள், எனக்கு ஒட்டவே இல்லை. மீதியைப் படிக்கலாமா, விட்டுவிடலாமா?

கல்லிடை அப்பளம்:
அக்கா, கணக்கைச் சரியாகப் பாருங்கள். 12-இல் அந்த ஊருக்குள் பிணம் கிடப்பது மூன்றே மூன்றில்தான். மற்றதெல்லாம் கிழவிக்கு வெளியூர் வேலை. மொட்டைக் கடுதாசி வருகிற கதையில் பாதிக்கு மேல் போன பிறகுதான் தலையையே காட்டுகிறாள். ஊர் மனசில் ஒட்டிக்கொண்டதால் எல்லாமே அங்கே நடந்த மாதிரி நமக்கு ஒரு நினைப்பு. எனக்குப் பிடித்தது 1962-இல் வந்தது. மாடு மேய்ந்த இடத்தில் புது வீடுகள் முளைத்திருக்கும், துணைக்கு இருப்பவளை ஏய்த்துவிட்டுக் கிழவி தனியாகப் பார்க்கப் போய்க் கால் தடுக்கி விழுவாள். பாளையைச் சுற்றி வயலெல்லாம் ஏதோ ஒரு "நகர்" ஆனதைப் பார்த்த எனக்கு அந்த அத்தியாயம் போதும், கொலையே நடக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஒத்தைத் தண்டவாளம்:
1957-இல் வந்த ரயில் கதையைப் பற்றி யாரும் பேசவில்லையே. பக்கத்துத் தண்டவாளத்தில் சேர்ந்து ஓடுகிற ரயிலுக்குள் ஒருவன் ஒருத்தியின் கழுத்தை நெரிப்பதை ஓர் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுகிறார். என்ன ஆரம்பம்! நம்ம செங்கோட்டை பாசஞ்சரில் இதற்கு வழியே இல்லை, கிராசிங்குக்குப் போட்டு வைக்கும்போது எதிர்வண்டியில் புளியோதரை சாப்பிடுகிறவரைத்தான் பார்க்கலாம். ஆனால் நடுவில் அண்ணன் தம்பிகள் எனக்குக் குழம்பிப் போகிறார்கள், முடிவைப் படித்துவிட்டுத் துப்பு எங்கே இருந்தது என்று புரட்டினால் ஒன்றும் அகப்படவில்லை. இருந்தும் இரண்டு தடவை படித்தேன், சமையல் வேலைக்கு வந்து அந்த வீட்டையே நிமிர்த்துகிற லூசிக்காக.

சொதிப் பிரியன்:
ஒன்பதை விடாதீர்கள் மக்கா. அந்தத் தீவில் சிடுசிடுத்துக்கொண்டு ஒரு பணக்காரக் கிழவர் வருவார், பதினொன்றாவது முழுக்க அவர் செத்த பிறகு மார்ப்பிளுக்கு விட்டுப்போகிற வேலைதான். இதைப் படிக்காமல் அது ருசிக்காது. கடைசியை மட்டும் வரிசையில் வைக்காதீர்கள். 1976-இல் அச்சில் வந்தாலும் பல வருஷம் முன்பே எழுதிப் பூட்டி வைத்தது, அதனால் 1962 கதையில் விதவையாக வருகிற, மார்ப்பிளின் தோழி பேன்ட்ரி அம்மாவின் வீட்டுக்காரர் இதில் உயிரோடு உட்கார்ந்திருப்பார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பாளை வாசகி:
சரி அண்ணாச்சி, நாற்பதாம் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குகிறேன். அப்புறம் ஒன்று, பத்தாவதை நூலகத்தில் எடுத்து வந்தேன், முதல் பக்கத்திலேயே யாரோ புண்ணியவான் கொலைகாரர் பெயரைப் பென்சிலில் எழுதி வட்டம் போட்டிருக்கிறான். முக்கியமில்லை என்று மேலே நான்தான் எழுதினேன், ஆனாலும் பற்றிக்கொண்டு வருகிறது.